ஒரே இடத்தில் அறுந்தால் ஃபைல், ஒரே ஹெட்டில் அறுந்தால் மெஷின்: எம்ப்ராய்டரி பஞ்சிங் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி

"அண்ணே, டிசைன்ல தப்பு இருக்கு" என்பான் மெஷின் ஓட்டுகிற தம்பி. "டிசைன் சரியாத்தான் இருக்கு, நீ மெஷினைப் பாரு" என்பார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அண்ணன். திருப்பூரில் எந்த எம்ப்ராய்டரி யூனிட்டுக்குள் நுழைந்தாலும் இந்தச் சண்டை காதில் விழும். நான் முதலில் மெஷின் ஓட்டி, அப்புறம் பஞ்சிங்குக்கு, அதாவது படத்தை மெஷின் தைக்கும் ஃபைலாக மாற்றும் வேலைக்கு, வந்தவன். அதனால் இரண்டு பக்கமும் நின்று கத்தியிருக்கிறேன். கீழே எழுதியிருப்பது நான் கோளாறு தேடும் முறை. நான் வைத்திருப்பது வில்காம் எம்ப்ராய்டரி ஸ்டூடியோ. வேறு சாஃப்ட்வேர் என்றால் மெனுவின் பெயர் மாறும், விஷயம் அதேதான்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால்

ஒரு சோதனை டிசைன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ. வட்டம் ஒன்று, உள்ளே டடாமி நிரப்பல் (பரப்பை வரிவரியாக மூடும் தையல்), சுற்றிலும் ரன்னிங் தையலில் அவுட்லைன். பக்கத்தில் 4 மி.மீ. அகலத்தில் இரண்டு சாட்டின் பட்டை (ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நெருக்கமாகப் போய்வரும் தையல்), ஒன்று நெட்டாக, ஒன்று குறுக்காக. கீழே 6 மி.மீ. உயரத்தில் நாலைந்து எழுத்து. மெஷின் நல்லபடியாக ஓடுகிற ஒரு நாளில் கெட்டியான காட்டன் துணியில் இதை ஓட்டி, அந்தத் துணியைச் சுவரில் மாட்டிவிடுங்கள். பிரச்சினை வரும்போது அதே மாதிரித் துணியில் அதே ஃபைலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். சுவரில் இருப்பது போலவே வந்தால் மெஷின் மேல் பழி போட வேண்டாம். வரவில்லையா, கம்ப்யூட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

நூல் அறுபடுவதற்கு இன்னும் சுலபமான வழி உண்டு. 8 ஹெட் மெஷினில், அதாவது ஒரே டிசைனை எட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் தைக்கும் மெஷினில், எல்லா ஹெட்டிலும் கிட்டத்தட்ட ஒரே தையலில் அறுந்தால் குற்றவாளி ஃபைல். ஒரே ஒரு ஹெட் மட்டும் அறுத்துக்கொண்டே இருந்தால் அந்த ஹெட்டின் ஊசி, நூல் வரும் பாதை, டென்ஷன் (நூலின் இறுக்கம்) இவற்றைப் பாருங்கள். ஒற்றை ஹெட் வைத்திருப்பவர்கள் பேனலில் தெரியும் தையல் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் துணியில் 4,210, அடுத்ததில் 4,208 என்று வந்தால் அது ஃபைல். 900, 6,300, 2,150 என்று சிதறினால் மெஷின். இந்த ஒரு தாள் எங்கள் யூனிட்டில் பாதிச் சண்டையை நிறுத்திவிட்டது.

"அதே இடத்துல அறுக்குது"

ஃபைலைத் திறந்து, ட்ரூவியூவை அணைத்துவிட்டு (விசைப்பலகையில் T), ஸ்டிட்ச் பிளேயரில் அந்த எண்ணுக்குப் போய் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ட்ரூவியூ அழகாகத்தான் காட்டும், கல்யாண ஆல்பம் மாதிரி. ஊசி எங்கே குத்துகிறது என்பதை அதில் பார்க்க முடியாது.

பெரும்பாலும் அங்கே குட்டித் தையல்கள் குவிந்திருக்கும். 0.3 மி.மீ. நீளத் தையல் என்றால் ஊசி கிட்டத்தட்ட அதே ஓட்டையில் மறுபடி இறங்குகிறது. நூல் பிசிறி அறுகிறது. சாட்டின் வளைவின் உள்பக்கம், கூரான முனை, எழுத்தில் இரண்டு கோடு சேரும் மூலை, இந்த இடங்களில்தான் இது நடக்கும். வளைவாக இருந்தால் உள்பக்கத் தையலைக் குறுக்கும் வசதியைப் போடுங்கள், ஒன்று விட்டு ஒரு தையல் ஓரத்துக்கு வராமல் முன்னாலேயே நின்றுவிடும். மற்ற இடங்களுக்குச் சிறு தையல் வடிகட்டியை 0.4 மி.மீ. அளவில் வைத்தால் போதும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஏன் என்று தமிழ் எழுத்துப் பகுதியில் என் அவமானத்தோடு சொல்கிறேன்.

குட்டித் தையல் இல்லையென்றால் அடுக்கு. அடியில் ஒரு நிரப்பல், அதன் மேல் இன்னொரு நிரப்பல், மேலே பார்டர், அதற்கும் மேலே எழுத்து என்று நாலு அடுக்கு ஏறியிருக்கும். படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தி டிசைன் எடுத்தவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். மேலே மறைந்து போகிற பகுதியை அடியிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். ஆனால் ஓரத்தில் 1 மி.மீ. அளவாவது விட்டுவைக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் நூல் அறுபடாது, பதிலுக்குத் துணி எட்டிப் பார்க்கும்.

ஜரிகை நூல் மட்டும் தனி சாதி. பட்டு ஜாக்கெட்டுக்குப் பஞ்சிங் செய்யும்போது சாதாரண நூலுக்குப் போட்ட ஃபைலை அப்படியே ஜரிகைக்குக் கொடுத்துவிட்டு மெஷின்காரரைத் திட்டுவது நியாயமில்லை. தையல் வரிகளின் இடைவெளியை 0.4-லிருந்து 0.5 மி.மீ. வரை தளர்த்துங்கள், அண்டர்லேயை (மேல் தையலுக்கு அடியில் முதலில் ஓடும் தாங்கு தையல்) குறையுங்கள், குட்டித் தையலை அடியோடு ஒழியுங்கள். மெஷினில் காது பெரிதாக இருக்கும் 90/14 ஊசி, நிமிடத்துக்கு 500, 600 தையல் வேகம். இவ்வளவு செய்தும் அறுந்தால் நூலை மாற்றிப் பாருங்கள்.

"வட்டம் முட்டையாயிருச்சு, அவுட்லைன் தனியா நிக்குது"

புதிதாகப் பஞ்சிங் செய்பவர்கள் அதிகம் அழும் இடம் இது. திரையில் வட்டம், துணியில் முட்டை. சாஃப்ட்வேரில் எதுவும் கெட்டுப்போகவில்லை, நூலும் துணியும் அவற்றின் வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

தையல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கும். அதற்குக் குறுக்கான திசையில் துணி வெளியே தள்ளப்படும். படுக்கைவாட்டில் தைத்த வட்டம் பக்கவாட்டில் ஒடுங்கி மேலும் கீழும் நீளும். அதனால் வட்டத்தைக் கொஞ்சம் தப்பாக வரைந்தால்தான் துணியில் சரியாக வரும். இதற்குத்தான் புல் காம்பன்சேஷன், சுருக்கமாக இழுப்பு ஈடு. நான் ஆரம்பிக்கும் அளவுகளைச் சொல்கிறேன்: நெய்த காட்டனுக்கு 0.2 மி.மீ., போலோ டீ-ஷர்ட்டின் பிக்கே துணிக்கு 0.35, இழுவை அதிகமுள்ள சிங்கிள் ஜெர்சிக்கு 0.4. துணி மாறினால் இதுவும் மாறும். வில்காமில் துணி வகையைத் தேர்ந்தெடுத்தால் இவை தானாகவே உட்காரும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு சாம்பிள் பார்த்துத் திருத்துங்கள்.

இழுப்பு ஈடு பக்கவாட்டை மட்டும்தான் சரிசெய்யும். மேலும் கீழும் தள்ளிக்கொண்டு வரும் நீளத்தைக் கையால்தான் குறைக்க வேண்டும்: பொருளைத் தேர்ந்து, ரீஷேப்பில் போய், தையல் முடிகிற முனையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடுங்கள். நெட்டுக் கோடுள்ள எழுத்துகள் பக்கத்து எழுத்தைவிட உயரமாகத் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்.

இரண்டும் செய்தாயிற்று, இன்னும் அவுட்லைன் விலகுகிறது என்றால் வரிசையைப் பாருங்கள். டிசைனின் இடது ஓரத்தில் நிரப்பல், வலது ஓரத்தில் நிரப்பல், நடுவில் ஏதோ, கடைசியில் எல்லாவற்றுக்கும் மொத்தமாக அவுட்லைன் என்று போட்டிருந்தால், அவுட்லைன் வருவதற்குள் துணி நகர்ந்து முடிந்திருக்கும். நடுவில் ஆரம்பித்து வெளியே போங்கள். ஒரு பகுதியை நிரப்பினால் அதன் அவுட்லைனையும் முடிந்தவரை அப்போதே முடித்துவிடுங்கள். கூடுதலாக இரண்டு கலர் சேஞ்ச் வரும், வரட்டும். தொப்பி என்றால் கீழிருந்து மேலே, நடுவிலிருந்து இரண்டு பக்கமும். இதில் விட்டுக்கொடுக்க வழியே இல்லை.

அண்டர்லே இல்லாமல் நிரப்பல் போடுபவர்களும் உண்டு, தையல் எண்ணிக்கை குறையும் என்று. 1,000 தையலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற தொழிலில் அந்த ஆசை புரிகிறது. ஆனால் துணியையும் பின்னால் வைக்கிற பேப்பரையும் சேர்த்துப் பிடிப்பது அண்டர்லேதான். நிரப்பலுக்கு ஓர ஓட்டமும், மேல் தையலுக்குக் குறுக்கான கோணத்தில் தளர்வான டடாமி அண்டர்லேயும் போடுங்கள். ஒல்லியான சாட்டினுக்கு நடுவில் ஒரு ஓட்டம் போதும், 2 மி.மீ. தாண்டினால் ஓர ஓட்டம், அகலம் கூடினால் ஜிக்ஜாக்கையும் சேருங்கள்.

இத்தனைக்கும் மேல் சரியாகவில்லையா? ஃப்ரேமில் துணியைப் போட்டவர் பனியன் துணியை மேளம் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார். கழற்றியதும் துணி பழைய நிலைக்குச் சுருங்கும், தையல் சுருங்காது. பின்னால் கிழித்தெடுக்கும் பேப்பருக்குப் பதிலாக வெட்டியெடுக்கும் பேப்பர் வைத்து, துணியை இழுக்காமல் சமமாக மாட்டச் சொல்லுங்கள். இந்தக் கோளாறை எந்த சாஃப்ட்வேரும் சரிசெய்யாது.

"அட்டை மாதிரி விறைக்குது" அல்லது "துணி தெரியுது"

இரண்டுமே இடைவெளிக் கணக்கு. 40-ஆம் நம்பர் நூலுக்கு, அதாவது கடையில் 120/2 என்று கேட்டு வாங்குகிறோமே அதற்கு, 0.4 மி.மீ. இடைவெளி பொதுவான அளவு. இங்கே எண் குறைந்தால் அடர்த்தி கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அடர்த்தியைக் குறைப்பதாக நினைத்து 0.4-ஐ 0.3 ஆக்கி, சட்டை மார்பில் தகடு ஒட்டியது போல் லோகோ வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு முறை செய்தேன்.

கறுப்புத் துணியில் வெள்ளை நூல், இடையிடையே கறுப்பு தெரிகிறது என்றால் உடனே இடைவெளியைக் குறைக்கத் தோன்றும். வேண்டாம். முதலில் அதே வெள்ளையில் டடாமி அண்டர்லே போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே மூடிவிடும். டர்க்கி டவலில் தையல் நூல் வளையங்களுக்குள் புதைந்து போனால் மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிமை வைத்து, முதலில் டவல் நிறத்திலேயே தளர்வான நிரப்பல் ஒன்றை ஓட்டி வளையங்களைப் படுக்க வைத்துவிட்டு, அதன் மேல் டிசைனைப் போடுங்கள்.

"கஸ்டமர் கொடுத்த டிஎஸ்டியைப் பெருசாக்கினேன், போச்சு"

போகத்தான் செய்யும். டிஎஸ்டி என்பது மெஷினுக்குக் கொடுக்கும் ஃபைல், வெறும் தையல் பட்டியல்: இவ்வளவு நகரு, குத்து, இவ்வளவு நகரு, குத்து. இது சாட்டின், இது எழுத்து என்கிற விவரம் எதுவும் அதற்குள் இல்லை. 80 மி.மீ. டிசைனைத் தையலைக் கூட்டாமல் 120 மி.மீ. ஆக்கினால் 0.4 இடைவெளி 0.6 ஆகிவிடும்; துணி தெரியும். 8 மி.மீ. சாட்டின் 12 மி.மீ. ஆகிவிடும். டிஎஸ்டியில் ஒரு நகர்வு 12.1 மி.மீ. தாண்ட முடியாது என்பதால் கிட்டத்தட்ட எல்லைக்கே போய்விட்டீர்கள். அவ்வளவு நீள நூல் சட்டைப் பொத்தானில் மாட்டி இழுபடும். அதே டிசைனை 50 மி.மீ. ஆகச் சுருக்கினால் இடைவெளி 0.25. ஊசி உடையும் சத்தம் கேட்கும்.

சாஃப்ட்வேர் தையலிலிருந்து வடிவத்தை ஊகித்துத் தையலைக் கூட்டிக் குறைக்கப் பார்க்கும். எளிய டிசைனில் சமாளிக்கும், நுணுக்கமானதில் குழப்பும். 10 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் என்றால் வில்காமின் சொந்த ஃபைலான இஎம்பியைக் கேட்டு வாங்குங்கள். அதில் வடிவமும் அமைப்பும் அப்படியே இருக்கும், அளவை மாற்றினால் தையல் புதிதாகக் கணக்கிடப்படும். பஞ்சிங் செய்தவர் பெரும்பாலும் இஎம்பி கொடுக்க மாட்டார், அது அவருடைய சொத்து. அப்படியானால் புதிய அளவுக்கு அவரிடமே காசு கொடுத்து வாங்கிக்கொள்வது, அல்லது டிஎஸ்டியைப் பின்னணியில் போட்டு மேலே நாமே புதிதாக வரைவது. எனக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது.

"தமிழ் எழுத்து வரமாட்டேங்குது"

இதை விரிவாக எழுத வேண்டும், இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் கோளாறு தட்டச்சிலேயே. யூனிகோடு தமிழை எழுத்துப் பெட்டியில் நேராக அடித்தால், என்னிடம் இருக்கும் பதிப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' என்று அடித்தால் 'க', அதன் பக்கத்தில் அநாதையாக ஒரு கொம்பு. பாமினி மாதிரிப் பழைய ஃபான்டில் கொம்பையும் காலையும் நாமே தனித்தனியாக அடிப்பதால் இது நேராது. இல்லையென்றால் கோரல் டிராவில் அடித்து, வளைகோடாக மாற்றி, அந்த வடிவத்தை இங்கே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, வடிவம் வந்தாலும் ஃபான்டைத் தானாகத் தையலாக மாற்றச் சொல்லாதீர்கள். சுழி எங்கே முடிகிறது, கோடு எங்கே திரும்புகிறது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. 'ண'வின் சுழிகளை மூன்று நாலு துண்டாக வெட்டி, தையல் கோணத்தைக் கண்டபடி திருப்பி, மூலைக்கு மூலை டிரிம் (நூல் வெட்டு) வைத்துவிடும். வடிவத்தைப் பின்னணியில் பூட்டிவிட்டு, நாம் கையால் எழுதுகிற வரிசையிலேயே சாட்டினை வரையுங்கள். எழுத்து முடியும் இடம் அடுத்த எழுத்து ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வருமாறு பார்த்துக்கொண்டால் இடையில் நூல் வெட்டவே தேவையில்லை.

மூன்றாவது உயரம். இங்கிலீஷ் பெரிய எழுத்து 5 மி.மீ. உயரத்தில் சுத்தமாக வரும். அதே அளவில் 'ஞ', 'ண', 'இ' எல்லாம் பிசைந்த மாவு. சாட்டின் கோடு 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது, இழுப்பு ஈடு அதை இன்னும் தடிமனாக்கும், அப்புறம் சுழிக்குள் ஓட்டை எங்கே இருக்கும்? தமிழுக்கு நான் 8 மி.மீ.க்குக் கீழே சாட்டின் போடுவதில்லை. வாடிக்கையாளர் 6 மி.மீ.தான் இடம் என்றால், மூன்று முறை ஓடும் ரன்னிங் தையலில் எழுதுவேன், அல்லது 60-ஆம் நம்பர் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் வைத்து, இழுப்பு ஈட்டைக் குறைத்துப் பார்ப்பேன். வரவில்லை என்றால் இடத்தைக் கூட்டச் சொல்வேன்.

இனி அந்த அவமானம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு 200 பேட்ஜ். நூல் அறுந்துகொண்டே இருந்தது, சிறு தையல் வடிகட்டியை 0.8 மி.மீ. வரை ஏற்றிவிட்டேன். அருமையாக ஓடியது, ஒரு இடத்தில்கூட அறுக்கவில்லை. பேட்ஜைக் கையில் வாங்கிய தமிழாசிரியர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது என்ன பளளி?" என்றார். 'ள்'ளின் மேல் இருந்த புள்ளி முழுக்க 0.6, 0.7 மி.மீ. தையலால் ஆனது. வடிகட்டி அதை மொத்தமாகத் துடைத்துவிட்டது. 200 பேட்ஜிலும். இப்போது புள்ளியை 1.3 மி.மீ.க்குக் குறையாமல் ஒரு சின்ன சாட்டின் கட்டையாகப் போடுகிறேன், அண்டர்லே இல்லாமல். வடிகட்டியை ஓட்டிய பிறகு எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன்.

பின்பக்கம் சொல்லும் கதை

துணியைத் திருப்பிப் பாருங்கள். சாட்டினின் பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெள்ளை பாபின் நூல் (அடிநூல்) தெரிய வேண்டும். வெள்ளையே தெரியவில்லை என்றால் மேல்நூல் டென்ஷன் தளர்வு, அல்லது பாபின் கேஸ் இறுக்கம். முன்பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்தால் நேர்மாறு. பின்னால் குருவிக்கூடு மாதிரி நூல் சுருண்டிருந்தால், ஆரம்பத்திலேயே பாருங்கள், மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காராமலோ ஏறி இறங்கும் கொக்கியில் மாட்டாமலோ விட்டிருப்பார்கள். இவற்றுக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டாம்.

தையலின் முனை துவைத்ததும் பிரிந்து வந்தால் மட்டும் ஃபைலைத் திறங்கள், முடிச்சுத் தையல் அணைந்திருக்கும்.

சின்னச் சின்ன எரிச்சல்கள்

நிறமெல்லாம் மாறிப்போய்த் தெரிகிறதா? டிஎஸ்டியில் நிறமே கிடையாது, "இங்கே நிறுத்து" என்ற கட்டளை மட்டும்தான். கலர் வரிசையைத் தாளில் அச்செடுத்து ஃபைலோடு கொடுங்கள்.

டிரிம் வெட்டவில்லை என்றால்: டிஎஸ்டியில் டிரிம்முக்கென்று தனிக் கட்டளை இல்லை, அடுத்தடுத்து வரும் ஜம்ப்களை (தைக்காமல் தாவும் நகர்வுகளை) எண்ணித்தான் மெஷின் வெட்டும். சாஃப்ட்வேர் 3 ஜம்ப் எழுதி மெஷின் 5 எதிர்பார்த்தால் வெட்டாது. இரண்டு எண்ணையும் பொருத்துங்கள்.

ஃப்ரேமில் ஊசி இடிக்கப் போகிறது என்றால் டிசைனின் தொடக்கமும் முடிவும் மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென் டிரைவை மெஷின் படிக்கவில்லையா? 32 ஜிபி-க்கு மேல் போகாத டிரைவ், ஃபேட்32 ஃபார்மேட், ஃபைல் பெயர் 8 எழுத்துக்குள், இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மட்டும், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே. "முருகன் பைனல் புதுசு 2" என்று பெயர் வைத்தால் மெஷின் என்ன செய்யும், பாவம்.

சாஃப்ட்வேரே திறக்கவில்லை என்றால் முதலில் டாங்கிளை (லைசென்ஸ் இருக்கும் யூஎஸ்பி சாவி) வேறு யூஎஸ்பி துளையில் நேராகச் சொருகுங்கள், நடுவில் ஹப் வேண்டாம். நண்பர் அனுப்பிய இஎம்பி திறக்கவில்லை என்றால் அவருடையது புதிய பதிப்பாக இருக்கும், பழைய பதிப்பில் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். கிராக் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. ஆர்டர் முடிக்க வேண்டிய ராத்திரிதான் அது நிற்கும். காசு இல்லையென்றால் இங்க்ஸ்கேப்புடன் வேலை செய்யும் இங்க்/ஸ்டிட்ச் இலவசம். ஃபைலைப் பார்க்கவும் ஃபைல் ஃபார்மேட்டை மாற்றவும் வில்காமின் ட்ரூசைஸரும் இலவசம்.